இடிமழைக்கு முந்தைய மாதங்கள்: மெல்போர்ன் 2016, ஒரு நிகழ்வு ஆய்வு

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வெயில் 35 டிகிரியைத் தொட்டிருந்தது. வடக்கிலிருந்து அனல் காற்று. மாலையில், வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில், மேற்கிலிருந்து ஒரு இடிமழை நகரத்தைக் கடந்தது. மழைக்கு முன்னால் குளிர்காற்று வீசியது. நாள் முழுக்க வெந்து கிடந்தவர் எவரும் அந்தக் காற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டு வாசலில் போய் நிற்கத்தான் செய்வார். அன்று செய்யவே கூடாதிருந்த காரியமும் அதுதான்.

அடுத்த 30 மணி நேரத்தில் மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு மூச்சுக் கோளாறோடு வந்தவர்கள், வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைவிட 3,365 பேர் அதிகம். சதவீதத்தில் 672. கணக்கைத் திருப்பிப் போட்டால், சுமார் 500 பேர் வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 3,900 பேர் வந்திருக்கிறார்கள். ஆஸ்துமாவுக்காக உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டவர்கள் வழக்கத்தைவிட 476 பேர் அதிகம். சாதாரணமாக அந்த எண்ணிக்கை ஐம்பதைக்கூட எட்டாது. பத்துப் பேர் இறந்தார்கள்.

வெடிகுண்டு இல்லை, விஷவாயு இல்லை, தொழிற்சாலை விபத்து இல்லை. புல்லும் மழையும்தான்.

இதை இங்கே எடுத்துக்கொள்ள இரண்டு காரணங்கள். அன்று பாதிக்கப்பட்டவர்களில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள், நகரத்தில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிக அதிகம். இன்னொன்று, தினசரி வாழ்க்கையில் ஆஸ்துமாவை நாம் கையாளும் முறையில் உள்ள ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரே மாலையில் வெளிச்சம் போட்டுக் காட்டிய நிகழ்வு இது.

காற்றில் என்ன இருந்தது

மெல்போர்னுக்கு வடக்கிலும் மேற்கிலும் பரந்த மேய்ச்சல் நிலங்கள். அங்கே செழிப்பாக வளர்வது ரைகிராஸ் என்ற புல். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், அடுத்து நவம்பர் வரை வசந்தம். அந்த ஆண்டு குளிர்காலமும் வசந்தத்தின் தொடக்கமும் நல்ல மழை. புல்லும் அதற்கேற்ப வளர்ந்திருந்தது. நவம்பரில் அது பூக்கும். அன்றைய மகரந்தக் கணக்கு ஒரு கன மீட்டர் காற்றுக்கு நூறு துகளைத் தாண்டியிருந்தது. அங்குள்ள அளவுகோலில் நூறுக்கு மேல் போனால் 'மிகக் கடுமை'.

ஆனால் முழு மகரந்தம் மட்டும் இருந்தால் இவ்வளவு பெரிய விபரீதம் நடந்திருக்காது. ஒரு ரைகிராஸ் மகரந்தத் துகளின் குறுக்களவு 30 மைக்ரானுக்கு மேல் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அந்தப் பருமனுக்கு மூக்கைத் தாண்டி அது உள்ளே போவது அரிது. மூக்கில் சிக்கித் தும்மலையும் நீர்வடிதலையும் கண் அரிப்பையும் கொடுக்கும். ஹே ஃபீவர் என்று சொல்கிறார்களே, அது. இடிமழை என்ன செய்கிறதென்றால், தரையோடு இருக்கும் மகரந்தத்தை மேலே உறிஞ்சுகிறது. மேகத்தின் ஈரத்தில் துகள் நீரை உள்வாங்கி வெடிக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 700 மாவுத் துணுக்குகள். ஒவ்வொரு துணுக்கும் 3 மைக்ரானுக்குள் அடங்கும். அலர்ஜியைக் கிளப்பும் புரதமும் அவற்றோடேயே இருக்கிறது. மழைக்கு முன் கீழே இறங்கும் குளிர்காற்று இந்தப் பொடியை அள்ளிவந்து சரியாக மனிதர் மூச்சு விடும் உயரத்தில் கொட்டுகிறது. 5 மைக்ரானுக்குக் குறைவான எதுவும் நுரையீரலின் சின்னஞ்சிறு குழாய்கள் வரை போய்விடும். வருஷக்கணக்காக மூக்கோடு நின்றிருந்த அலர்ஜி அன்று ஒரே இழுப்பில் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.

இது முதல் தடவையும் அல்ல. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1983-இலும் லண்டனில் 1994-இலும் இப்படி நடந்திருக்கிறது. மெல்போர்னிலேயே 1987, 1989, 2010 ஆண்டுகளில் நடந்தது. மூன்று முறையும் நவம்பர் மாதம். 2016-இல் புதியது அதன் அளவுதான்.

யார் வந்தார்கள், யார் இறந்தார்கள்

இந்த நிகழ்வில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இது.

அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் 1,435 பேரிடம் பின்னர் விவரம் கேட்டார்கள். அவர்களில் மருத்துவர் ஏற்கெனவே 'உங்களுக்கு ஆஸ்துமா' என்று சொல்லியிருந்து, அது அப்போதும் இருந்தவர்கள் 28 சதவீதம் மட்டுமே. சராசரி வயது 32. ஆசிய, இந்திய இனப் பின்னணி உள்ளவர்கள் 39 சதவீதம். நகரத்தின் மக்கள்தொகையில் அவர்கள் 25 சதவீதம். ஆஸ்துமாவுக்காக உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்களில் இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்களின் பங்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் 1 சதவீதமாக இருந்தது. இம்முறை 10 சதவீதம். இறந்த பத்துப் பேரில் ஆறு பேர் ஆசிய, இந்தியப் பின்னணியினர்.

இதை வைத்து 'ஆஸ்துமாவே இல்லாதவர்களைத் தாக்கிய புயல்' என்று ஒரு கதை உடனே பரவியது. பாதி உண்மை. இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் 35 பேர். அந்த 35 பேருக்கும் ஆஸ்துமா இருந்தது. அவர்களில் தடுப்பு இன்ஹேலர், அதாவது மூச்சுக்குழாயின் வீக்கத்தை இறக்கும் மருந்து, எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 12 பேர். அந்த 35 பேரில் ஐந்து பேர் பிழைக்கவில்லை.

ஆக அன்று இரண்டு கூட்டம். ஒன்று, 'எனக்கு வெறும் தும்மல்தான்' என்று இருந்தவர்கள். அவசரப் பிரிவின் வாசலை நிறைத்தவர்களில் பெரும்பகுதி இவர்கள். மற்றொன்று, ஆஸ்துமா உள்ளவர்கள். உயிரோடு மல்லுக்கட்டியவர்கள் இவர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் தடுப்பு மருந்து இல்லாமல் இருந்தார்கள்.

35-இல் 12 என்பதை ஒரு நிரூபணமாக நான் வைக்கவில்லை. தடுப்பு மருந்து எடுத்த அந்தப் பன்னிரண்டு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள் அல்லவா? தினமும் எடுத்தார்களா, சரியாக உறிஞ்சினார்களா, அன்றைய தாக்குதல் எந்த மருந்தாலும் தாங்க முடியாததா என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணில் இல்லை. ஆனால் ஆஸ்துமாவைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த எல்லாவற்றோடும் அது பொருந்திப் போகிறது.

நம்மவர்கள் ஏன் இவ்வளவு பேர்? ஆசியாவிலிருந்து மெல்போர்னுக்குக் குடியேறியவர்களிடம், அங்கே இருக்கும் ஆண்டுகள் கூடக்கூட ஹே ஃபீவரும் ஆஸ்துமாவும் கூடுகின்றன என்பது 1990-களிலேயே பதிவான செய்தி. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ரைகிராஸ் கிடையாது. வந்து இறங்கிய முதல் வசந்தத்தில் ஒன்றும் இருக்காது. நாலைந்து வசந்தம் போனபின் ஒருநாள் மூக்கு அரிக்கும். "இந்த ஊர் கிளைமேட் ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடையில் ஒரு அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வோம். உடல் அதற்குள் அந்தப் புல்லை எதிரியாக எழுதிவைத்துக்கொண்டிருக்கும்.

பெயர் வைக்காத நோய்

இன்னொரு காரணம் என் ஊகம், ஆனால் நம் வீடுகளைப் பார்த்தவர்களுக்குப் பழகியது. ஆஸ்துமா என்ற சொல்லை நாம் வாயில் எடுப்பதில்லை. தமிழ்நாட்டில் 'கொஞ்சம் வீசிங்', 'சளித் தொந்தரவு', 'இழைப்பு'. யாழ்ப்பாணப் பக்கம் 'முட்டு', 'தொய்வு'. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணென்றால் அதுவும் இல்லை, 'டஸ்ட் அலர்ஜி'. பெயர் வைக்காததால் தொடர் சிகிச்சையும் இல்லை. வந்தால் நெபுலைசர், இரண்டு நாள் மாத்திரை, போனால் மறதி. விமானம் ஏறும்போது பெட்டியில், இழைப்புக்குப் போடும் டெரிஃபிலின் மாத்திரை ஒரு அட்டை. வெளிநாட்டு மருத்துவர் "உங்களுக்கு ஆஸ்துமா உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலில் பொய்யே கிடையாது, யாரும் சொன்னதில்லையே!

பெயரைவிட அறிகுறிகளைக் கேட்டால் நேராகப் பதில் வரும். கடந்த நான்கு வாரத்தில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இருமலோ இழைப்போ வந்ததா? இரவில் அதனால் ஒருமுறையாவது விழித்தீர்களா? வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல், மூச்சு முட்டும்போது எடுக்கும் நிவாரண இன்ஹேலரைத் தேடினீர்களா? மூச்சுக்குப் பயந்து மாடிப்படியையோ விளையாட்டையோ தவிர்த்தீர்களா? ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க உலகெங்கும் கேட்கப்படும் நான்கு கேள்விகள் இவை. மூன்றோ நான்கோ 'ஆமாம்' என்றால் கட்டுக்குள் இல்லை. ஒன்றிரண்டு என்றாலும் மருத்துவரைப் பார்க்கக் காரணம் இருக்கிறது.

நீல பம்ப்பின் மயக்கம்

நீல நிறத்தில் வரும் நிவாரண இன்ஹேலர், அதாவது சால்புட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையை இளக்குகிறது. சில நிமிடத்தில் மூச்சு விடும். அதனாலேயே அது நல்ல பெயர் வாங்கிவிட்டது. குழாயின் உட்சுவர் வீங்கிச் சிவந்திருக்கிறதே, அதை அது தொடுவதில்லை. வீக்கத்தை இறக்குவது தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு. அது ஒரு நாளில் வேலை செய்யாது. நாட்கள், வாரங்கள் எடுக்கும். எடுத்துக்கொண்டதற்கு அடையாளமாக எதுவும் தெரியாது. மூச்சு நன்றாக இருக்கும் நாளில் மூச்சுக்கு மருந்து எடுப்பது நம் இயல்புக்கே ஒவ்வாத வேலை. பாதிப்பேர் அங்கேதான் விடுகிறார்கள்.

2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்புட்டமாலை மட்டும் கொடுத்து ஆஸ்துமாவைப் பார்த்துக்கொள்வதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று முடிவெடுத்தது. லேசான ஆஸ்துமா என்றாலும் ஸ்டீராய்டு இன்ஹேலர் ஏதாவது ஒரு வடிவில் இருக்க வேண்டும். தினமும் எடுக்க மனம் வராதவர்களுக்கும் வழி இருக்கிறது: ஸ்டீராய்டும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தேவைப்படும்போது எடுப்பது. தசையும் இளகும், வீக்கத்துக்கும் மருந்து போய்ச்சேரும். ஆண்டுக்கு மூன்று நீல டப்பாவுக்கு மேல் தீர்கிறதென்றால் ஆஸ்துமா முற்றும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று தீர்கிறதென்றால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் சால்புட்டமாலை மருந்துச்சீட்டு இல்லாமல் மருந்துக்கடையிலேயே வாங்கலாம். அந்த மாலை அது எத்தனை பேருக்கு உதவியிருக்கும் என்பது ஒரு பக்கம். மருத்துவரையே பார்க்காமல் வருஷக்கணக்கில் டப்பா டப்பாவாக வாங்கி ஓட்டவும் அதே வசதிதான் இடம் கொடுக்கிறது.

"பம்ப் அடிச்சா பழகிடும்" என்பது நம் ஊரில் சாகாத வாக்கியம். பழக்கமாவதற்கு இதில் போதை எதுவும் இல்லை. ஸ்டீராய்டு என்ற சொல் பயமுறுத்தினால் அளவைப் பாருங்கள்: தடுப்பு இன்ஹேலரில் பலருக்கு ஒரு நாளைக்குப் போவது 200, 400 மைக்ரோகிராம். இன்ஹேலரைத் தவிர்த்துவிட்டு நிலைமை முற்றியபின் கொடுக்கும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40, 50 மில்லிகிராம் வரை போகும். ஒரு மில்லிகிராம் ஆயிரம் மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து என்பதால் நேர் ஒப்பீடு சரியில்லைதான். இருந்தாலும் ஸ்டீராய்டுக்குப் பயந்து எந்த ஸ்டீராய்டில் போய் விழுகிறோம் என்பதைக் காட்ட இது போதும். இன்ஹேலரின் பக்கவிளைவில் தினசரி கண்ணில் படுவது வாய்ப்புண், குரல் கம்மல். எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் அது பெருமளவு குறையும்.

ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்ஹேலரை நேரே வாயில் வைத்து அழுத்தினால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையில் மோதி நின்றுவிடும். குடுவைக்குள் அடித்து நிதானமாக இழுத்தால் நுரையீரலுக்குப் போவது கூடும். "அது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்துக்கு இதில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை.

மீதி 364 நாட்கள்

இடிமழை என்றைக்கோ ஒருநாள். ஆஸ்துமாவைக் கிளப்பிவிடுவதில் முதலிடம் சாதாரண ஜலதோஷத்துக்கு. பள்ளி திறந்து இரண்டாவது வாரம் பிள்ளை கொண்டுவரும் வைரஸ் வீட்டில் மற்றவர்களுக்குத் தும்மலாக முடியும். ஆஸ்துமாக்காரருக்குப் பத்து நாள் இழைப்பாகும். ஜலதோஷம் தொடங்கும்போது என்ன செய்வது, எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது, எப்போது மருத்துவமனை என்று மருத்துவர் கையால் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆஸ்துமா உள்ள எல்லோரிடமும் இந்தத் தாள் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. சென்னையில் கேட்டாலும் மருத்துவர் மறுக்கமாட்டார், நாம்தான் கேட்பதில்லை.

வீட்டுக்குள் பார்த்தால் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி, சிகரெட், சாம்பிராணி, ஊதுபத்தி, சன்னலைச் சாத்திக்கொண்டு மிளகாய் தாளிக்கும் நெடி. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடிவைத்த மெல்போர்ன் சமையலறையில் புகைபோக்கி விசிறியைப் போடாமல் தாளித்துப் பாருங்கள், ஆஸ்துமா இல்லாதவரும் இருமுவார். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் எடுக்கும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபன் போன்றவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளும், கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும்கூட மூச்சுக்குழாயை இறுக்கலாம். கண் மருத்துவரிடம் ஆஸ்துமாவைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

வாழைப்பழம், தயிர், ஐஸ்வாட்டர் பட்டியலை இங்கே நான் சேர்க்கவில்லை. குறிப்பிட்ட உணவு அலர்ஜி உள்ள சிலரைத் தவிர, இவற்றை நிறுத்துவதால் ஆஸ்துமா அடங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பத்து வருஷம் தயிர்சாதம் மறுக்கப்பட்ட பிள்ளைக்கு அதே பத்து வருஷமும் தடுப்பு இன்ஹேலர் மறுக்கப்பட்டிருக்கும். கோபம் வருவது அதற்குத்தான்.

மூக்கையும் தனியாகப் பிரிக்கக் கூடாது. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை. வசந்தத்தில் தும்மல் வருமென்று தெரிந்தால், பருவம் தொடங்கச் சில வாரம் முன்பே மூக்குக்கான ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்குவது அலர்ஜி மாத்திரையை மட்டும் நம்பியிருப்பதைவிட நன்றாக வேலை செய்யும். 2016 நிகழ்வின் நேரடிப் பாடம் இது: ஹே ஃபீவர் உள்ளவர்கள் தங்களுக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று ஒருமுறை மூச்சுப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

மூச்சு முட்டும்போது

ஆஸ்திரேலியாவில் பள்ளிப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்த முறை நான்கு, நான்கு, நான்கு. ஆளை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. நீல இன்ஹேலரை ஸ்பேசருக்குள் ஒருமுறை அழுத்தி நான்கு மூச்சு. இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் பொறுத்துப் பார்த்து, சரியாகவில்லை என்றால் மறுபடி நான்கு. அப்போதும் தெளியவில்லை என்றால் ஆம்புலன்ஸ். அது வரும்வரை இதையே தொடர வேண்டும். அங்கே எண் 000, தமிழ்நாட்டில் 108. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், முதலிலேயே அழைக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: இழுத்துக்கொண்டிருந்தவரிடம் விசில் சத்தம் திடீரென்று நின்று, ஆள் களைத்துச் சரிந்தால் அது குணமல்ல. ஓசை எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று பொருள்.

அதன்பின்

மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் அரசு 2017 அக்டோபரில் இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பைத் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை, மகரந்த அளவையும் வானிலையையும் சேர்த்துக் கணித்து, மாவட்டவாரியாக ஆபத்து எவ்வளவு என்று நிறங்களில் சொல்கிறார்கள். சிவப்பு நாளில் மழைக்கு முந்தைய காற்று எழும்போதே உள்ளே போய்க் கதவு சன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஏசி வெளிக்காற்றை இழுப்பதாக இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். நீல இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த முன்னறிவிப்பு மூன்று நாள் முன்னால்தான் சொல்லும். தடுப்பு மருந்துக்கு அது போதாது. குளிர்காலத்தில் நன்றாக இருக்கிறதென்று ஜூலையில் நிறுத்தியவர், நவம்பர் ஞாயிற்றுக்கிழமை போனில் சிவப்பைப் பார்த்துவிட்டு அன்றிரவு இரண்டு முறை அடித்துக்கொண்டால் மறுநாள் மாலைக்குள் பெரிதாக எதுவும் மாறிவிடாது. செப்டம்பரிலேயே மருத்துவரைப் பார்த்துத் தொடங்கியிருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் இன்ஹேலரை எடுத்துப் பார்க்கவும் செப்டம்பர் நல்ல மாதம். சிலவற்றின் பின்புறம் மீதி எத்தனை என்று எண் காட்டும். சிலவற்றில் அது கிடையாது. எண் இல்லாத டப்பாவை ஆட்டிப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. மருந்து தீர்ந்தபின்னும் உந்துவாயு கொஞ்ச காலம் வந்துகொண்டுதான் இருக்கும். அழுத்தினால் சத்தம் வரும், புகையும் வரும், நெஞ்சு மட்டும் திறக்காது. டப்பாவில் 200 முறைக்கு மருந்து இருந்தால், திறந்த தேதியை மேலே பேனாவால் எழுதிவைத்து எண்ணிக்கொண்டு வருவதுதான் வழி. பின்புறத்தில் காலாவதித் தேதியும் இருக்கும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.